அத்தையைப் போய்ப் பார்ப்பது யார்?

அத்தைக்கு ஒரு முதியோர் இல்லம் பார்க்க வேண்டும் என்று முடிவானதும், பெங்களூரில் இருக்கும் தம்பி ஓர் எக்செல் தாள் அனுப்பினான். கோயம்புத்தூர், சென்னை, மதுரை, திருநெல்வேலி என்று ஊர்வாரியாக இல்லங்கள். மாதக் கட்டணம், முன்பணம், அறை எப்படி, டாக்டர் எப்போது வருவார், கூகுளில் எத்தனை நட்சத்திரம் என்று கட்டம் கட்டமாகப் போட்டிருந்தான். நான் கடைசியில் ஒரு கட்டத்தைச் சேர்த்து, 'யார் போய்ப் பார்ப்பது?' என்று தலைப்புக் கொடுத்துத் திருப்பி அனுப்பினேன். கோயம்புத்தூருக்கு நேரே எழுத எங்களிடம் ஒரு பெயர்கூட இல்லை. சென்னைக்கு ஒரு பெயர், அதுவும் 'முடிந்தால்' என்ற ஒட்டோடு. திருநெல்வேலிக்கு, அதாவது அதை ஒட்டிய பாளையங்கோட்டைக்கு, எழுதத் தொடங்கினால் கட்டம் போதவில்லை. அந்தக் கட்டம்தான் முடிவைச் செய்தது.

அத்தை என்றால் அப்பாவின் அக்கா. திருநெல்வேலிப் பக்கம் வீரவநல்லூரில் நடுநிலைப்பள்ளி ஆசிரியை. கல்யாணமாகிச் சில வருஷத்திலேயே மாமா போய்விட்டார், பிள்ளைகள் இல்லை. அக்கா, நான், தம்பி மூன்று பேரும் லீவு நாளெல்லாம் வளர்ந்தது அத்தை வீட்டுப் பட்டாசலில்தான். ஓய்வுபெற்ற பிறகும் தனியாகவே சமைத்துச் சாப்பிட்டுக்கொண்டு தெம்பாக இருந்தார். 2024 சித்திரையில் புறவாசலில் வழுக்கி விழுந்ததில் இடுப்பெலும்பு முறிந்தது. ஆபரேஷன் ஆகி, வாக்கர் பிடித்து நடக்கும் அளவுக்குத் தேறினார். ஆனால் அதற்கு முன்பே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த மறதி, ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு நன்றாக உட்கார்ந்துவிட்டது. காஸைத் திறந்துவிட்டுப் பற்றவைக்க மறப்பார். வேலைக்கு வரும் பெண் வளையலை எடுத்துவிட்டாள் என்பார். பொழுது சாய்ந்தால் பையைத் தூக்கிக்கொண்டு, "பள்ளிக்கூடம் விட்டாச்சு, வீட்டுக்குப் போணும்" என்று வாசலுக்கு வந்து நிற்பார். மறதி நோய் உள்ளவர்களுக்குச் சாயங்காலம்தான் பதற்றம் கூடும் என்று டாக்டர் சொன்னார்.

வீட்டிலேயே வைத்துப் பார்க்கத்தான் முதலில் முயன்றோம். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சுகர், பிரஷர் மாத்திரை வீடு தேடி வந்தது. பிசியோதெரபி செய்பவர் வந்து காலை மடக்கி நீட்டப் பழக்கினார். 2021 ஆகஸ்டிலிருந்து நடக்கும் திட்டம், இருந்தாலும் எங்கள் தெருவில் பாதிப் பேருக்குத் தெரியவில்லை. படுக்கையில் ஆள் இருக்கும் வீட்டுக்காரர்கள் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டுப் பாருங்கள். ஆனால் அவர்கள் வந்து போன பிறகு மிச்ச நேரத்துக்கு யார்? ஏஜென்சி மூலம் ஹோம் நர்ஸ் வைத்தோம். ஒருத்தி தங்கமான பெண். அவளுக்கு வரன் அமைந்து போய்விட்டாள். அதற்குப் பிறகு வந்தவர்கள் நிலைக்கவில்லை. ஏற்கெனவே ஆள் அடையாளம் தடுமாறுகிறவருக்கு அடிக்கடி ஒரு புது முகம் என்றால் என்ன ஆகும்? சொந்தக்காரர் ஒருவர் வீட்டில் இருந்து, அவருக்குத் துணையாக ஹோம் நர்ஸ் வந்தால் அதைவிட நல்ல ஏற்பாடு கிடையாது என்றுதான் இன்றும் சொல்வேன். பூட்டிய வீட்டுக்குள் ஒரு மறதிக்காரரும் சம்பளத்துக்கு வந்த ஒரு பெண்ணும் மட்டும் இருப்பது, இரண்டு பேருக்குமே நல்லதல்ல.

"பெத்த பிள்ளை இல்லாட்டி இதான் கதி" என்று உறவில் ஒரு பெரியம்மா என் காதுபடவே சொன்னார்கள். நாலு பிள்ளை பெற்றவர்கள் அத்தைக்குப் பக்கத்துக் கட்டிலில் இருக்கிறார்கள். ஆகவே அந்தப் பேச்சுக்குப் பதில் சொல்லும் வேலை எனக்கு மிச்சம்.

தேட ஆரம்பித்தால் பல வகை கண்ணில் படும். ஆதரவற்றவர்களுக்கான இலவச இல்லங்கள் இருக்கின்றன. பென்ஷன் வாங்குகிற, விசாரிக்க ஆள் இருக்கிற ஒருவரை அங்கே கொண்டுபோய் அந்தக் கட்டிலை அடைப்பது நியாயமில்லை. கோயம்புத்தூர்ப் பக்கம் வீடாகவே வாங்கிக் குடியேறும் முதியோர் குடியிருப்புகள், நன்றாக நடமாடுகிற தம்பதிகளுக்குச் சரி. கட்டண இல்லங்களில்தான் விஷயம் இருக்கிறது. பல இல்லங்களில் தானாக எழுந்து பாத்ரூம் போகிறவர்களை மட்டும்தான் சேர்ப்பார்கள். படுக்கையாகிவிட்டால் போன் வரும்: "வந்து கூட்டிட்டுப் போயிருங்க." ஏற்கெனவே மறதியோடு இருப்பவரை அந்த நிலைமையில் இன்னோர் இடத்துக்குத் தூக்கிக்கொண்டு அலைவது பெரிய கொடுமை. அதனால் போனில் நான் கேட்ட முதல் கேள்வியே, "படுக்கையானாலும் வெச்சுப் பார்ப்பீங்களா? மூக்கு வழியா டியூப் போட்டா? யூரின் டியூப் போட்டா?" என்பதுதான். பாதி இடங்கள் அந்த ஒரு போனிலேயே கழிந்துவிட்டன. அலைச்சல் மிச்சம்.

இனி அந்தக் கட்டத்துக்கு வருகிறேன். நான் அம்பாசமுத்திரத்தில் வேலை பார்க்கிறேன்; பாபநாசம் பஸ்ஸைப் பிடித்தால் நேரே திருநெல்வேலி புதிய பஸ் ஸ்டாண்ட். சித்தப்பா மகள் பெருமாள்புரத்தில் இருக்கிறாள். வீரவநல்லூரில் அடுத்த வளவு மைனி (அண்ணியை எங்கள் பக்கத்தில் அப்படித்தான் சொல்வோம்) மாதம் தவறாமல் பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு பெரியாஸ்பத்திரிக்குச் சுகர் மாத்திரை வாங்க வருவார். அத்தையிடம் படித்தவர்கள் பாளையங்கோட்டையில் எத்தனையோ பேர். கல்யாணத்துக்குப் பட்டு எடுக்க, கண் ஆஸ்பத்திரிக்கு, கலெக்டர் ஆபீஸுக்கு என்று எங்கள் பக்கத்து ஆட்கள் எப்படியும் வந்துபோகிற ஊர் அது. இவர்கள் யாரும் அத்தையைப் பார்ப்பதற்கென்றே கிளம்பி வரமாட்டார்கள். வந்த இடத்தில் ஓர் எட்டு எட்டிப் பார்ப்பார்கள். அந்த எட்டிப் பார்த்தல்தான் எங்களுக்கு வேண்டியிருந்தது. எப்போது யார் வந்து நிற்பார்கள் என்று தெரியாத கட்டிலை யாரும் அலட்சியமாக விடமாட்டார்கள். மாதம் ஒரு முறை விமானத்தில் வந்து இறங்குகிற மகனுக்கு, முந்தின நாளே தலை குளிப்பாட்டிப் புதுச் சேலை உடுத்திக் காட்டிவிட முடியும்.

'சிசிடிவி இருக்கு, உங்க போன்லயே பாத்துக்கலாம்' என்று சில இடங்களில் பெருமையாகச் சொன்னார்கள். எனக்கு அதில் ஒட்டுதல் இல்லை. கேமராவுக்கு மூத்திர வாடை தெரியாது. உடம்பு சுடுகிறதா என்று தொட்டுப் பார்க்கவும் அதற்குக் கை கிடையாது. துணி மாற்றுகிற அறையில் கேமராவை வைத்து, அதை மூன்று ஊரிலிருந்து குடும்பமே பார்ப்பதை, ஆயுசு முழுக்க முந்தானை விலகாமல் பாடம் நடத்திய ஒருவருக்கு நாங்கள் செய்ய முடியாது.

நேரில் பார்த்த இடங்களில் முதலாவது பைபாஸை ஒட்டிய பெரிய கட்டடம். வரவேற்பறையில் மீன் தொட்டி, சுவரில் இயற்கைக் காட்சி. மேலாளர் தமிழும் ஆங்கிலமுமாகப் பேசினார். "24 மணி நேரமும் நர்ஸ் இருக்காங்க" என்றார். என்ன படித்தவர் என்று கேட்டேன். நர்சிங்கில் ஜிஎன்எம் மூன்று வருஷப் படிப்பு, ஏஎன்எம் இரண்டு வருஷம். ஆறு மாதப் பயிற்சி முடித்துவிட்டு வெள்ளைக் கோட்டுப் போட்டவர்களும் எங்கள் பக்கத்தில் நர்ஸ்தான். அங்கே இருந்தது இந்தக் கடைசி வகை. அதில்கூடத் தப்பில்லை, தூக்கி உட்கார வைக்கவும் ஊட்டவும் துடைக்கவும் பட்டம் வேண்டாம், பக்குவம்தான் வேண்டும். ஆனால் இன்சுலின் போடுவதும் டியூப் மாற்றுவதும் யார் என்று கேட்டால் பதில் வழுக்கியது.

மாடி அறைகளைச் சுற்றிக் காட்டினார்கள். படுக்கையில் ஒரு பாட்டி. தலைமாட்டில் அழைப்பு மணி, வயரோடு கூடிய சின்ன ஸ்விட்ச். அந்த வயரை அழகாகச் சுருட்டிச் சுவரில் ஆணியில் மாட்டியிருந்தார்கள். பாட்டியின் கை அதற்கு எட்டவே எட்டாது. "சும்மா சும்மா அமுக்கிக்கிட்டே இருப்பாங்க மேடம்" என்று அட்டெண்டர் பெண் சிரித்துக்கொண்டே சொன்னாள். அவளைக் குறை சொல்ல மாட்டேன். அந்த மாடி முழுவதற்கும் இரவில் அவள் ஒருத்திதானாம். இன்னொன்றும் தெரிந்தது. இரவில் கேட்டைப் பூட்டிச் சாவியை முதலாளி வீட்டுக்குக் கொண்டுபோய்விடுவார்கள். தீப்பிடித்தால், நெஞ்சுவலி வந்தால், சாவி வரும்வரை உள்ளே இருப்பவர்கள் காத்திருக்க வேண்டியதுதான். தம்பியின் தாளில் அதிக நட்சத்திரம் வாங்கிய இடம் அது.

இதனால்தான் சொல்கிறேன், ஒரு முறையாவது இரவு எட்டரைக்கு மேல் போங்கள். போர்வை கொடுக்க வந்தேன், மாத்திரை கொடுக்க வந்தேன் என்று ஏதாவது சாக்குச் சொல்லுங்கள். எத்தனை கட்டிலுக்கு எத்தனை பேர் விழித்திருக்கிறார்கள், யாரைப் புரட்டிப் படுக்க வைக்கிறார்கள் என்று பார்க்க அதுதான் நேரம். சாயங்காலம் நாலு மணிக்குப் போகும்போது எல்லாரும் அசந்து தூங்கிக்கொண்டிருந்தால் அதையும் யோசியுங்கள். தொந்தரவு வேண்டாம் என்று தூக்க மாத்திரையைத் தாராளமாகக் கொடுக்கிற இடங்கள் உண்டு. எந்த மாத்திரை யார் எழுதிக் கொடுத்தது என்று சீட்டைக் காட்டச் சொல்லிக் கேட்க நமக்கு உரிமை இருக்கிறது. அப்புறம் ஃபினாயில் வாடை. லேசாக இருந்தால் சுத்தம். மூக்கைத் துளைத்தால் எதையோ மறைக்கிறார்கள்.

ஆற்றங்கரையை ஒட்டிய தெருவில் ஒரு வீட்டை இல்லமாக மாற்றியிருந்தார்கள். நல்ல காற்று, முற்றத்தில் வேப்பமரம், சாப்பாடும் ருசி. எனக்கே பிடித்துப்போனது. வெளியே வரும்போது எதிர்வீட்டுச் சுவரில் என் இடுப்பளவுக்கு மேல் ஒரு பழுப்புக் கோடு. திருநெல்வேலிக்காரர்களுக்கு அது என்ன என்று சொல்ல வேண்டியதில்லை. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையில் ஜங்ஷன், வண்ணார்பேட்டை, கைலாசபுரம் பக்கமெல்லாம் ஊருக்குள் வந்த தாமிரபரணித் தண்ணீர். நடக்க முடியாதவர்களைக் கீழ்த்தளத்தில் வைத்திருக்கும் இடத்தில் ராத்திரி தண்ணீர் ஏறினால் யார் தூக்குவது? சரி, மாடி என்றால் லிஃப்ட் இல்லை. ஸ்ட்ரெச்சர் திரும்பாத குறுகல் படி. ஆகவே நெல்லைப் பக்கம் இல்லம் தேடுகிறவர்கள் அந்தத் தெருவில் பெட்டிக்கடை வைத்திருக்கும் அண்ணாச்சியிடம் ஒரு சோடா வாங்கிக் குடித்துக்கொண்டே, "வெள்ளத்துல இங்கன தண்ணி எம்புட்டு வந்துச்சு?" என்று கேட்டுவிடுங்கள். இல்லத்தைப் பற்றிய மற்ற சேதியும் அவரிடமே கிடைக்கும். ஆம்புலன்ஸ் எப்போது வருகிறது, யார் வீட்டுப் பிள்ளைகள் வந்து சத்தம் போட்டார்கள் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி.

இன்னோர் இடத்தில் விண்ணப்பத் தாளை நிரப்புவதற்கு முன்பே, "நீங்க எந்த ஆளுக?" என்று கேட்டார்கள். சமையலுக்காகக் கேட்கிறோம் என்று விளக்கமும் வந்தது. சைவமா அசைவமா என்று கேட்டால் அது சமையலுக்கான கேள்வி. நாங்கள் எழுந்து வந்துவிட்டோம்.

கடைசியில் அமைந்தது பாளையங்கோட்டையில் மேட்டுப்பாங்கான ஒரு காலனி வீடு. பெரியாஸ்பத்திரியில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற நர்ஸம்மா நடத்துகிறார். பன்னிரண்டு கட்டில்தான். மீன் தொட்டி கிடையாது. நான் போனது மதியச் சாப்பாட்டு வேளை. யாரையும் கேள்வி கேட்காமல் ஓர் ஓரத்தில் உட்கார்ந்து ஊட்டுவதை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். பத்தமடைக்காரப் பெண் ஒருத்தி, பக்கவாதம் வந்த ஒரு தாத்தாவை முதலில் தலையணை அண்டை கொடுத்து நிமிர்த்தி உட்கார வைத்தாள். சோற்றைக் குழைத்துச் சின்னக் கரண்டியில் எடுத்து, வாதம் அடிக்காத பக்கமாகக் கொடுத்தாள். அடுத்த வாய் கொடுக்கும் முன்பு அவர் தொண்டைக்குழி ஏறி இறங்குகிறதா என்று பார்த்தாள். முடிந்ததும் வாய்க்குள் விரல்விட்டுக் கன்னத்தில் சோறு ஒதுங்கியிருக்கிறதா என்று துழாவிப் பார்த்தாள். உடனே படுக்கவைக்கவில்லை. "அரை மணி நேரம் இப்படியே இருக்கட்டும், இல்லன்னா பொரை ஏறி நெஞ்சுக்குள்ள போயிரும்" என்று எனக்கும் சொன்னாள். படுத்த படுக்கையில் ஊட்டிச் சாப்பாடு நுரையீரலுக்குள் இறங்கி நிமோனியா ஆவது இவர்களுக்கு வருகிற பெரிய ஆபத்துகளில் ஒன்று. அந்தப் பெண் எந்தக் கல்லூரியிலும் இதைப் படித்திருக்கவில்லை. எத்தனை வருஷமாக இங்கே இருக்கிறாய் என்று கேட்டேன். "அம்மா ஆரம்பிச்ச நாள்லேர்ந்து" என்றாள். எனக்கு அது போதுமாக இருந்தது.

ஆனாலும் கேட்க வேண்டியதைக் கேட்டேன். தீபாவளி ராத்திரி யார் இருப்பார்கள்? ஊர்க் கொடைக்கு ஆட்கள் போய்விட்டால்? நம் பக்கத்தில் சித்திரையிலிருந்து ஆடி வரை ஊருக்கு ஊர் கோயில் கொடைத் திருவிழா. வேலைக்காரர்கள் சொல்லாமல் கொள்ளாமல் போய்விடுவார்கள், அவர்களைத் தடுக்கவும் முடியாது, தடுக்கவும் கூடாது. நர்ஸம்மா சிரித்துக்கொண்டே ஒரு நோட்டைக் காட்டினார். யார் ஊரில் எந்த வாரம் கொடை என்று எழுதி, மாற்று ஆள் பெயரும் எழுதியிருந்தது. இதை வேறு எந்த இடத்திலும் நான் பார்க்கவில்லை.

முதியோர் இல்லம் நடத்த அரசில் பதிவு செய்திருக்க வேண்டும். சான்றிதழைக் காட்டச் சொல்லிக் கேட்டால் யாரும் கோபித்துக்கொள்ளக் கூடாது. கோபித்துக்கொண்டால் புரிந்துகொள்ள வேண்டியதுதான். சந்தேகம் இருந்தால் கலெக்டர் ஆபீஸில் மாவட்ட சமூகநல அலுவலகத்தில் விசாரிக்கலாம். இல்லத்தில் யாரிடமாவது கொடுமை நடப்பதாகத் தெரிந்தால் 14567 என்ற முதியோர் உதவி எண்ணுக்கு அழைக்கலாம். அதற்குக் காசு கிடையாது.

பணம். எங்களிடம் சொன்ன மாதக் கட்டணம் 20,000. டயப்பர், மருந்து, பிசியோ, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக வண்டி எல்லாம் தனி. கூட்டிப் பார்த்தால் 27,000 பக்கம் வந்து நின்றது. அத்தையின் பென்ஷன் பெரும்பகுதியைத் தாங்குகிறது, மீதியை நாங்கள் மூன்று பேர் பகிர்ந்துகொள்கிறோம். எது உள்ளடக்கம், எது தனி, முன்பணம் திரும்ப வருமா, இறந்துவிட்டால் மிச்ச மாதத்துப் பணம் என்ன ஆகும் என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். வாய்ப்பேச்சு உதவாது. டயப்பர் நாமே வாங்கிக் கொடுப்பது நல்லது. மிச்சம் பிடிப்பதற்காகச் சொல்லவில்லை. ஒரு நாளைக்கு இத்தனை என்று கணக்குப் பண்ணிக் கொடுத்த பாக்கெட், மாதக் கடைசியிலும் பாதி இருந்தால் மாற்றவில்லை என்று அர்த்தம். சித்தப்பா மகளின் மாமனார் வேறோர் இடத்தில் இருந்தபோது இப்படித்தான் கண்டுபிடித்தார்கள்.

பென்ஷனுக்கு வருஷா வருஷம் உயிர்ச்சான்று கொடுக்க வேண்டுமே, அதற்காக அத்தையை ஆட்டோவில் தூக்கிக்கொண்டு கருவூலத்துக்குப் போக வேண்டியதில்லை. இந்தியா போஸ்ட் பேமெண்ட்ஸ் வங்கி மூலம் தபால்காரரே இல்லத்துக்கு வந்து எடுத்துக்கொடுப்பார், கட்டணம் 70 ரூபாய். சாக்பீஸும் சிவப்பு மையும் பிடித்துத் தேய்ந்த விரல் என்பதாலோ என்னவோ, மெஷின் லேசில் ஒப்புக்கொள்ளவில்லை. கையை வெதுவெதுப்பான நீரில் கழுவித் துடைத்த பிறகு ஒரு விரல் பதிந்தது. கையெழுத்துப் போட முடியாமல் போனவர்கள் வங்கியில் பணம் எடுக்க ரிசர்வ் வங்கியே வழி சொல்லியிருக்கிறது. கைரேகை, அதுவும் முடியாவிட்டால் கால் பெருவிரல் ரேகை, வங்கிக்குத் தெரிந்த இரண்டு சாட்சிகள் முன்னால் வைக்கலாம். அதில் ஒருவர் வங்கியின் பொறுப்பான அதிகாரியாக இருக்க வேண்டும். கவுண்டரில் இருக்கும் பிள்ளைக்கு இது தெரியாமல் இருக்கலாம். மேனேஜரைப் பாருங்கள்.

வீட்டை யார் பெயருக்கு எழுதுவது என்று உறவில் ஒரு முனகல் ஓடியது. எங்கேதான் ஓடவில்லை! அத்தை தெளிவாக இருக்கும்போதே, "நான் கண்ண மூடுத வரைக்கும் அது என் பேர்லதான் இருக்கும்" என்று சொல்லிவிட்டதால் நாங்கள் தப்பித்தோம். எழுதித்தான் ஆக வேண்டும் என்கிறவர்கள், கடைசிவரை வைத்துப் பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையைப் பத்திரத்திலேயே எழுதச் சொல்லுங்கள். பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம், 2007-இன் 23-ஆம் பிரிவு அப்படிப்பட்ட பத்திரத்தை ரத்து செய்ய வழி வைத்திருக்கிறது. பிள்ளை இல்லாதவர்கள்கூட, தங்கள் சொத்து யாருக்குப் போய்ச் சேருமோ அந்த உறவினரிடம் பராமரிப்புக் கேட்கலாம் என்பதும் அதே சட்டத்தில் உண்டு. எங்கள் பக்கத்துக்குச் சேரன்மகாதேவி சப்-கலெக்டர் ஆபீஸில் மனுக் கொடுக்க வேண்டும்.

சேர்த்த புதிதில் அத்தை ரொம்பவும் அலைக்கழிந்தார். பார்க்கப் போன இடங்களில் ஒன்றில், "முதல் ரெண்டு வாரம் யாரும் வராதீங்க, அப்பத்தான் பழகுவாங்க" என்றார்கள். அது சரியென்று சொல்கிறவர்களும் இருக்கிறார்கள். எனக்கு ஒப்பவில்லை. பழகாத இடத்தில் பழகிய முகமும் இல்லாவிட்டால் எதைப் பிடித்துக்கொள்வது? குளிப்பாட்டும் நேரம் தவிர எப்போது வேண்டுமானாலும் வரலாம் என்று நர்ஸம்மா சொன்னதும் இந்த இடத்தை நான் ஒத்துக்கொண்டதற்கு ஒரு காரணம். மைனி தூக்குவாளியில் உளுந்தஞ்சோறும் எள்ளுத் துவையலும் கொண்டுவந்தார். "அத்தை, சாப்பிட்டியளா?" என்றதும், "என்னத்தச் சாப்பிட்டேன், இங்கன சாம்பாரப் பாத்தியா, ஆத்து வெள்ளம் மாதி ஓடுது" என்று குறை சொன்னார். குறை சொல்லத் தொடங்கியதும் எங்களுக்கு உயிர் வந்தது.

சாயங்காலப் பையைத் தூக்கும் வேலை மட்டும் அங்கேயும் நிற்கவில்லை. அந்தப் பத்தமடைப் பெண்தான் வழி கண்டுபிடித்தாள். பழைய நோட்டு ஒன்றும் சிவப்புப் பேனாவும் கொடுத்து, "டீச்சர், அட்டெண்டன்ஸ் எடுத்துட்டு வீட்டுக்குப் போலாம்" என்றாள். நாலரை மணியானால் அத்தை கட்டில் கட்டிலாக வாக்கரில் போய்ப் பெயர் கேட்டு எழுதுகிறார். பெயர் சொல்லத் தெரியாதவர்களுக்கு 'ஆப்சென்ட்'. எழுதி முடிப்பதற்குள் காப்பி வந்துவிடும், வீட்டுக்குப் போகும் நினைப்பும் போய்விடும். மருந்தால் முடியாததை நோட்டு செய்தது. இந்த மாதிரி ஒன்றை எந்த விளம்பரத்திலும் போட மாட்டார்கள்.

இடையில் காய்ச்சல் வந்து அத்தை சில நாள் படுக்கையோடு இருந்தபோது, மாத்திரை வாங்க வந்த மைனி அங்கிருந்தே போன் போட்டார்: "ஏட்டி, அத்தைக்குக் குதிங்காலு செவந்துகெடக்கு, பாத்தியா?" விரலால் அமுக்கிப் பார்த்திருக்கிறார்; அமுக்கிய இடம் வெளுக்கவில்லை. அதுதான் படுக்கைப் புண்ணின் ஆரம்பம். நர்ஸம்மாவிடம் சொன்னதும் மறுப்புச் சொல்லாமல் வந்து பார்த்தார். கெண்டைக்காலுக்கு அடியில் தலையணை வைத்துக் குதிங்கால் மெத்தையில் படாமல் தூக்கி வைத்தார்கள். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை புரட்டிவிடுவதைக் கட்டிலிலேயே எழுதித் தொங்கவிட்டார்கள். புண்ணாகாமல் ஆறியது. நல்ல இடத்திலும் இப்படி நடக்கும். பன்னிரண்டு பேரில் ஒருவரின் குதிங்கால் தவறிப்போகும். மைனி நர்சிங் படித்தவர் இல்லை, எட்டாம் வகுப்புத்தான். சேலையை ஒதுக்கிக் காலைப் பார்க்கும் உரிமையும் அக்கறையும் உள்ளவர், அவ்வளவுதான். குதிங்கால், இடுப்புக்கு அடி, முதுகுத் தோள்பட்டை, இந்த மூன்றையும் பார்க்காமல் வருவது பார்த்ததாகவே கணக்கில்லை என்று இப்போது எல்லாரிடமும் சொல்லி வைத்திருக்கிறேன்.

எங்கள் வாட்ஸ்அப் குழுவில் போகிறவர்கள் போட்டோ போட வேண்டாம் என்று ஏற்பாடு. என்ன சாப்பிட்டார், கால் எப்படி, பேச்சு எப்படி என்று மூன்று வரி எழுதினால் போதும். மஸ்கட்டில் இருக்கும் அக்கா அதைப் படித்துவிட்டுத்தான் தூங்குகிறாள். யாரும் போகாத வாரம் என்றால் குழு தானாகவே காட்டிக்கொடுத்துவிடும். நான் பஸ் ஏறிவிடுவேன்.

போகிறவர்களுக்கும் கொஞ்சம் சொல்ல வேண்டியிருக்கிறது. "நான் யாரு, சொல்லுங்க பாப்போம்" என்று பரீட்சை வைக்காதீர்கள். நீங்களே பெயரையும் ஊரையும் சொல்லிவிட்டுப் பேச்சைத் தொடங்குங்கள். பிஸ்கட் பாக்கெட்டுக்குப் பதில் ஒரு நகவெட்டியும் தேங்காய் எண்ணெயும் கொண்டுபோகலாம். அல்வா வேண்டவே வேண்டாம். இல்லத்தில் பாதிப் பேருக்குச் சுகர். ஆனால் திருநெல்வேலியில் இதை யார் கேட்கிறார்கள்! அத்தையின் பழைய மாணவர் ஒருவர் வரும்போதெல்லாம் அரை கிலோ சூடாக வாங்கிவந்துவிடுகிறார். அத்தைக்கு விரல்நுனி அளவு கொடுத்துவிட்டு மீதியை ராத்திரி டூட்டிப் பெண்களுக்கு எடுத்து வைக்கச் சொல்லிவிட்டேன். அவர்கள் இப்போது அவர் வருகிற தேதியைக் கேட்டு வைத்துக்கொள்கிறார்கள்.